கை வந்த நேரம்

அப்பாவுக்கு முதலில் போனது மூக்கு. கை நடுங்கத் தொடங்கியது அதற்கு ஐந்தாறு வருடம் கழித்துத்தான்.

திருகோணமலைச் சந்தைப் பக்கம் நாற்பது வருடம் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர் அவர். கட்டா, பாரை, சுறா, நெத்தலி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவிழ்த்த மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து முறிப்பார். முறிந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோவார். உப்புக் குறைவா, வெயில் போதவில்லையா, மழையில் நனைந்ததைத் திரும்பக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்களா என்று அந்த ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் சரக்குக் கொண்டுவருகிறவர்கள் அவரோடு விலைக்கு வாதாடுவார்களே தவிர, தரத்துக்கு வாதாட மாட்டார்கள். அப்படிப்பட்டவர் 2008 மழைக்காலத்தில் ஒரு நாள், புழுத்துப்போன சுறா மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அமைதியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோன அம்மா வாசலிலேயே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். "தடிமன் பிடித்திருக்கிறது" என்றார் அப்பா. நாங்களும் நம்பினோம்.

நோயின் பெயர் தெரிந்தது 2014 இல்: பார்க்கின்சன். வைத்தியர் அன்று அவரை ஒரு தாளில் ஏதாவது எழுதச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டு, "பழைய கையெழுத்து வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டார். இரவு நான் கணக்குக் கொப்பிகளை எடுத்து வருடவாரியாக அடுக்கினேன். 2007 இல் எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறது. 2010 இல் ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக முடிகிறது. 2013 இல் "கட்டா 12 கிலோ" என்ற வரியில் கட்டாவை வாசிக்கலாம்; கிலோ எறும்பு ஊர்ந்த தடம். ஆறு வருடமாக அந்த நோய் எங்கள் கண்முன்னாலேயே மை தொட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

நடுமூளையில், வெட்டிப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதி உண்டு. டோபமைன் என்ற இரசாயனத்தை ஆக்கித் தரும் நரம்புக் கலங்கள் அங்கேதான் இருக்கின்றன. நினைத்தவுடன் கை நீள்வதும் கால் எழுவதும் அந்த டோபமைனால். பார்க்கின்சனில் அந்தக் கலங்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது பாதியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். பலருக்கு மோப்பம் அதற்கும் பல வருடங்கள் முந்தியே குறைந்துவிடும். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளிகளைக் கண்டு இந்த நோயை விவரித்து எழுதியது 1817 இல். இரண்டு நூற்றாண்டு தாண்டியும், அந்தக் கலங்கள் சாவதைத் தடுத்து நிறுத்துவதாக நிறுவப்பட்ட மருந்து கிடையாது. செடியிலிருந்தும் இல்லை, ஆய்வுகூடத்திலிருந்தும் இல்லை.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அதனாலோ, அப்பாவுக்கு இந்த நோய் என்று ஊருக்குத் தெரிந்ததாலோ, மாதத்தில் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள்: "டீச்சர், நரம்பைக் காக்கிற மூலிகை ஏதும் இருக்கிறதா?" கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வராது. தாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், கணவனை விட்டுவிட்டு அரைமணி நேரம் ஓடி வருகிறவர்கள். அவர்களிடம் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பூனைக்காலியில் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அதுதான்.

தம்பலகாமத்துப் பக்கம் வேலிகளில் இந்தக் கொடி படர்ந்து கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பூனையின் கால் மடங்கியதுபோல வளைந்த காய். அதன்மேல் வெல்வெட்டுத் துணிபோலப் பொன்னும் பழுப்புமாய்ச் சுணை. தொட்டால் தோலில் நெருப்புப் பற்றியதுபோல அரிக்கும், சொறியச் சொறியப் பரவும். பள்ளிப் பையன்கள் அந்தச் சுணையைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து முன்வாங்கில் இருப்பவனின் கழுத்துப்பட்டிக்குள் தட்டிவிடுவார்கள். காய்க்குள்ளே பெருவிரல் நகத்தளவில் பளபளவென்று கறுத்த விதை. இவ்வளவு அரிப்பைக் காவல் வைத்து அந்தக் கொடி பாதுகாக்கும் விதைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1937 இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இருந்தது லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் பொருள்.

அப்போது அது எதற்கு உதவும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னரே, 1913 இல், சுவிட்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற இரசாயனவியலாளர் அதே பொருளை ஒரு வகை அவரையிலிருந்து எடுத்து, இரண்டரைக் கிராம் தானே விழுங்கிப் பார்த்து, கடுமையாக வாந்தியெடுத்தார். பிறகு அது நெடுங்காலம் போத்தலிலேயே கிடந்தது. பூட்டைத் திறந்தது வேறொரு செடி. சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற இரத்த அழுத்த மருந்து 1952 இல் பிரிக்கப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப்போல இறுகிப்போனார்கள். சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை காது தொங்கி, அசையாமல் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் சில நிமிடங்களில் எழுந்து நடமாடின. மூளையில் டோபமைன் வற்றியதும் திரும்ப ஊறியதும்தான் அந்த வித்தியாசம். 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1960களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் கொட்சியாஸ் என்பவர் லெவோடோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, கட்டிலோடு கிடந்த நோயாளிகளை நடக்கவைத்தார். அப்பா இன்று விழுங்கும் குளிசையின் பரம்பரை இது. ஒரு செடி நோயைப்போல ஒன்றை உண்டாக்கிக் காரணத்தைக் காட்டியது. இன்னொரு செடியின் விதையில் அதற்கான மருந்து முன்பே இருந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

2022 இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தரும் குளிசையை இரண்டு வாரத்துக்குத் தந்தார்கள். பிறகு அதுவும் இல்லை. மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தோம். இருந்ததைப் பாதியாக உடைத்துக் கொடுத்தோம். அப்பாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. படுக்கையில் புரள முடியவில்லை. சென்னையில் இருக்கும் சித்தப்பா அந்தச் செய்தி கேட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு கிலோ பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தனுப்பினார். ஒரு கரண்டியை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் அப்பாவின் வலக்கை இளகியது. கோப்பையைத் தானே தூக்கிப் பிடித்தார். அம்மா அழுதுவிட்டார். அந்த மாதங்களில் அந்தப் பொடி எங்களைக் காப்பாற்றியது என்பதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன்.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. குளிசை திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. பொடியை நிறுத்தலாமா என்று நான் சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "நிறுத்தாதே பிள்ளை. குளிசை நடுக்கத்தை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். இது நரம்பையே காக்கும். விதைப் பொடிதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்றார். பொட்டலத்திலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அண்ணன்மேல் உயிரை வைத்திருக்கும் மனிதர். நல்லது நினைத்துத்தான் சொன்னார். நானும் சரி என்றேன். கிளினிக்கில் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார்கள் என்று பயம்.

மூன்றாவது வாரம் அப்பாவின் கழுத்தும் தோளும் தாமாகவே நெளியத் தொடங்கின. உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு தண்ணீரில் நிற்கும் தோணிபோல அசைந்துகொண்டே இருந்தது. ஒரு விடியற்காலை கிணற்றடியில் குனிந்து நிமிர்ந்தவர் அப்படியே கண் இருண்டு விழுந்தார். புருவத்தில் ஐந்து தையல். தையல் போட்ட இளம் வைத்தியர் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "டீச்சர், குளிசையைத் தவிர வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" சொன்னேன். அவர் ஏசவில்லை. "இதுவும் அதே மருந்துதான்" என்றார்.

அன்றிரவு நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் உதவட்டும். பூனைக்காலி விதையில் லெவோடோபா நூற்றுக்கு ஏறக்குறைய நான்கைந்து பங்கு இருக்கும்; விதைக்கு விதை கூடிக் குறையும். ஐந்து கிராம் பிடிக்கும் கரண்டியில் 200 முதல் 250 மில்லிகிராம். அப்பாவின் குளிசை ஒன்றில் இருப்பது 100 மில்லிகிராம். வெறும் பொடியாகச் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி குடலிலும் குருதியிலுமே டோபமைனாக மாறி வீணாகும். டோபமைனுக்கு மூளைக்குள் நுழைய வழியில்லை. அந்த வீணைத் தடுக்கத்தான் குளிசையில் கார்பிடோபா என்ற துணைமருந்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதைச் சேர்த்தால் முன்பு தேவைப்பட்டதில் கால்வாசி லெவோடோபாவே போதும். தட்டுப்பாட்டுக் காலத்தில் கார்பிடோபா இல்லாமல் சாப்பிட்டபோது அந்தக் கரண்டி அப்பாவுக்கு அளவாக இருந்தது. குளிசை திரும்பியதும் அதிலிருந்த கார்பிடோபா பொடியின் லெவோடோபாவையும் சேர்த்துக் காவல் செய்தது. அதே கரண்டி, பல மடங்கு மருந்து. இந்த இரசாயனம் எனக்குத் தெரியாததல்ல. "மூலிகை" என்ற சொல் என் கண்ணைக் கட்டிவிட்டது.

அளவு தெரிந்து கொடுத்தால் இந்த விதை எவ்வளவு நல்ல மருந்து என்பதற்கும் சான்று உண்டு. லண்டனில் எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2004 இல் வெளியிட்ட ஆய்வில், பொடி குளிசையைவிட விரைவாக வேலை தொடங்கியது, அதிக நேரமும் நின்றது. பொலிவியாவில் குளிசை வாங்க வழியில்லாத ஏழைகளை மனத்தில் வைத்துப் பதினெட்டுப் பேரிடம் சோதித்தார்கள். 2017 இல் வந்த அந்த முடிவும் நம்பிக்கை தருவது. ஆனால் இரண்டு ஆய்வும் பார்த்தது ஒன்றைத்தான்: கை எப்போது இளகுகிறது, எவ்வளவு நேரம் இளகியிருக்கிறது. கலம் சாவது நின்றதா என்பதை அவை கேட்கவே இல்லை.

என்னிடம் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் விளக்க முயல்வது இதைத்தான். ஈடு செய்வது வேறு, காப்பது வேறு. வற்றிய கிணற்றில் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது ஈடு. ஊற்றுக்கண் அடைபடாமல் பார்ப்பது காப்பு. பூனைக்காலி ஈடு செய்கிறது, மிக நன்றாகச் செய்கிறது. மறதி நோய்க்கும் கதை இதுவே. அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் கலன்டமின் ஐரோப்பாவின் பனித்துளிப் பூச்செடியிலிருந்து வந்தது. ரிவஸ்டிக்மின், ஆபிரிக்காவின் கலபார் அவரையில் இருக்கும் நஞ்சைப் பார்த்து உருவாக்கப்பட்டது. இரண்டும் நினைவுக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்ற மூளை இரசாயனம் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கின்றன. அடியில் நடக்கும் அழிவு அதன்பாட்டில் நடக்கிறது. செடிகள் இந்த நோய்களுக்கு இதுவரை தந்திருக்கும் உறுதியான கொடைகள் எல்லாம் ஈடுதான்.

அப்படியானால் காப்பு என்று எதுவுமே இல்லையா? ஆய்வுகூடத்தில் நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த விடயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

எங்கள் கிணற்றடியில் வல்லாரை தானாகவே படர்ந்திருக்கிறது. அம்மா ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு பிடி கிள்ளி வந்து, மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தேசிப்புளி விட்டுப் பிசைந்து வைப்பார். அந்த இலையில் ஆசியாட்டிக் அமிலமும் ஆசியாட்டிகோசைட்டும் இருக்கின்றன. தட்டில் வளர்த்த நரம்புக் கலங்களில் இவற்றைச் சேர்த்தால் கிளைகள் நீள்கின்றன. எலிகளில் நஞ்சூட்டிக் கெடுத்த நரம்புகளின் சேதம் குறைகிறது. வல்லாரையை ஏன் யாரோ நமக்காகப் படைத்ததுபோல நினைக்கிறோம்? அது ஓட முடியாத உயிர். பூச்சியும் பூஞ்சணமும் கடிக்க வரும்போது தன்னைக் காத்துக்கொள்ள ஆக்கிவைத்திருக்கும் பொருள்கள் இவை. தேயிலையின் கசப்பும் மஞ்சளின் நிறமும் மிளகின் காரமும் செடிக்குச் செடியின் தேவைக்கே.

நம் கலத்துக்குள் அவை என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. என்.ஆர்.எஃப்-2 என்று ஒரு புரதம் உண்டு. கலத்தின் தற்காப்பு மரபணுக்களைத் தட்டியெழுப்பும் வேலை அதனுடையது. சாதாரண நாளில் கீப்-1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, பிறந்த சூட்டோடு அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். செடியின் கசப்புப் பொருள் சிறிதளவு உள்ளே வந்ததும் கீப்-1 இன் பிடி தளர்கிறது. விடுபட்ட என்.ஆர்.எஃப்-2 கலத்தின் கருவுக்குள் போய்த் தற்காப்பைத் தொடங்கிவைக்கிறது. அதாவது, இலை நம்மைக் காப்பதில்லை. மெல்லச் சீண்டுகிறது, கலம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. சீண்டல் அளவு மீறினால் அது தாக்குதல்.

தட்டிலிருந்து மனிதனுக்கு வரும் வழி நீளமானது. மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் குர்க்குமின் ஆய்வுகூடத்தில் அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்ட் என்ற புரதப் படிவுகளோடு ஒட்டி அவற்றைக் கலைக்கிறது. ஆனால் சாப்பிட்டால் குடல் அதை உள்ளே விடுவதில்லை; விட்டதையும் ஈரல் உடனே மாற்றி வெளியே தள்ளுகிறது. பெங்களூரில் 1998 இல் ஒரு சோதனை செய்தார்கள்: இரண்டு கிராம் குர்க்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் குருதியில் சேரும் குர்க்குமின் இருபது மடங்கு கூடியது. எங்கள் சமையலில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே போவதை நினைத்து அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றுமில்லாததன் இருபது மடங்கும் கொஞ்சம்தான். மேலும் பைப்பரின் இதைச் செய்வது, மருந்துகளைச் சிதைக்கும் ஈரலின் வேலையைத் தடுத்து. குளிசைகளையும் அது விட்டுவைக்காது. கலிபோர்னியாவில் அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் 24 வாரம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்து 2012 இல் வெளியிட்டார்கள். பயன் தெரியவில்லை.

மஞ்சளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 இல் இறக்குமதித் தடை வந்து இங்கே மஞ்சள் எட்டாத விலைக்குப் போனபோது, கடல்வழியாகக் கடத்தி வந்ததைப் பலர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே வாங்கினார்கள். நிறம் தூக்கலாகத் தெரிய மஞ்சளில் ஈயக் குரோமேற்றைக் கலக்கும் வழக்கம் வங்காளதேசத்தில் இருந்ததை 2019 இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். ஈயம் மூளைக்கு நேர் எதிரி. நரம்பைக் காக்க வாங்கிய பொடி நரம்பைக் கெடுப்பதைவிடக் கொடுமை எது? நாங்கள் அந்த வருடம் வளவில் பத்துக் கிழங்கு நட்டோம். இன்றும் வீட்டு மஞ்சள்தான்.

அமுக்கராக் கிழங்கின் கதை விசித்திரமானது. டில்லிக்கு அருகே மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆய்வு மையத்தில், அல்சைமர் போன்ற நோய் வரும்படி வளர்த்த எலிகளுக்கு முப்பது நாள் அமுக்கராச் சாறு கொடுத்தார்கள். மூளையிலிருந்த அமிலாய்ட் குறைந்தது, எலிகளின் நடத்தை தேறியது. 2012 இல் வெளிவந்தது. மூளையில் என்ன நடந்தது என்று தேடிப் போனவர்களுக்கு விடை கிடைத்தது ஈரலில். அமிலாய்டைப் பிடித்து இழுக்கும் ஒரு புரதம் ஈரலில் கூடியிருந்தது. அது குருதிவழியாக மூளையைச் சுத்தமாக்கியிருந்தது. எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு! ஆனாலும் எலி எலிதான்.

தேயிலையோடு மனிதரிடமே பெரிதாகச் சோதித்தார்கள். பச்சைத் தேயிலையின் ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள், பார்க்கின்சனில் கலத்துக்குள் திரளும் ஆல்ஃபா சினுக்ளின் புரதத்தைத் தீங்கில்லாத வடிவத்துக்குத் திருப்புவதாக 2008 இல் பெர்லினில் காட்டியிருந்தார்கள். அதே புரதம் திரளும் வேறொரு கொடிய நோயில், ஜேர்மனியில் 92 பேரிடம் 48 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019 இல் முடிவு வந்தது: நோய் மெதுவாகவில்லை, சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது. இந்த முடிவைப் படித்த அன்று எனக்கு மனம் சோர்ந்துபோனது உண்மை. கலங்கள் பாதி செத்த பிறகு தொடங்கினால் எந்தக் காப்பும் பிந்திவிடுமோ என்னவோ. மூக்கு போன வருடத்திலேயே தொடங்கியிருந்தால்? அப்பாவின் கொப்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது.

இனி, ஊரில் யாரும் சொல்லாத பக்கம். செடியிலிருந்து வந்தது என்பதற்காக நரம்புக்கு நல்லதாகிவிடாது. டெரிஸ் இனக் கொடிகளின் வேரை இடித்து நீரில் கலந்து மீன் பிடிப்பது தென்கிழக்காசியாவின் பழைய முறை. அந்த வேரின் ரொட்டெனோன் கலத்தின் சக்தி நிலையமான இழைமணியை முடக்குகிறது. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு அதை எலிகளுக்குச் சிறிது சிறிதாகக் குருதியில் ஏற்றினார்கள். செத்தவை அதே கறுத்த பகுதியின் டோபமைன் கலங்கள். எலிகளுக்குப் பார்க்கின்சன் வந்தது. பூச்சிகொல்லியாக இதை விற்றபோது "இயற்கையானது" என்றே விற்றார்கள். பஞ்சகாலத்தில் கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் தின்று கால் முடங்கியவர்கள் இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் ஆயிரக்கணக்கில்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அன்ரி முள்சீத்தா இலையைத் தினமும் அவித்துக் குடிக்கிறார். சிங்களத்தில் கட்டு அனோதா என்பார்களே, அதுதான். புற்றுநோய் வராது என்று யாரோ சொன்னதாம். கரீபியன் கடலில் குவாதலூப் தீவில், லெவோடோபாவுக்கும் இளகாத ஒரு வகைப் பார்க்கின்சன் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை 1999 இல் எழுதினார்கள். நோயாளிகளில் பலர் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் பழகியவர்கள். அதிலிருக்கும் அனோனசினும் ரொட்டெனோனைப்போல இழைமணியைத்தான் முடக்குகிறது. எலிகளுக்கு ஏற்றியபோது நரம்புக் கலங்கள் செத்தன. அந்தத் தீவில் நோய்க்கு இதுதான் காரணம் என்று முடிவாகவில்லை. எப்போதாவது ஒரு துண்டு பழம் தின்பதைப் பற்றி நான் பயப்படவும் இல்லை. ஆனால் அன்ரியிடம் போய்ச் சொன்னேன், தினமும் குடிக்க வேண்டாம் என்று. "இலைதானே மகள்" என்றார். சித்தப்பாவின் குரல் அப்படியே கேட்டது.

அப்பா விழுந்த பிறகு சித்த வைத்தியர் ஒருவரையும் பார்த்தோம். இங்கே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். படித்த வைத்தியர்களுக்கு எங்கள் பக்கம் குறைவில்லை. அவர் நாடி பிடிக்கும் முன்னரே கேட்டது, "ஆங்கில மருந்து என்னென்ன எடுக்கிறார்?" என்பதுதான். குளிசைப் பட்டியலை வாசித்துவிட்டு, "நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி எங்கள் மருந்துதான் அம்மா. பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுத்தி செய்து, ஆளுக்கு ஏற்ற அளவில் கொடுப்போம். இந்தக் குளிசையோடு நான் தரமாட்டேன்" என்றார். தையல் போட்ட வைத்தியரும் இவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். அதைச் சொல்லாதது அழகான எழுத்தில் அச்சடித்த பொட்டலம் மட்டும்தான். நோயாளியின் ஒரே கொப்பியில் இரண்டு வைத்தியர்களும் எழுதும் வழக்கம் இந்த ஊரில் வந்தால் எத்தனை புருவங்கள் தப்பும்!

இப்போது குளிசை நேரத்துக்கு நேரம் போகிறது. மீனும் பருப்பும் லெவோடோபாவோடு குடலில் போட்டிபோடும் என்பதால், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுகிறோம். இது தெரியாமல் எத்தனை வருடம் மத்தியானக் குளிசையை மீன்குழம்புச் சோற்றோடு கொடுத்தோம்! மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் நடை. ஈர மணலில் கால் பதித்து எட்டி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மான்கள் குறுக்கே வந்தால் நின்று, மறுபடி எண்ணித் தொடங்குவார். இந்த நோயில் உடற்பயிற்சி தரும் பயனுக்கு நான் மேலே சொன்ன எந்த இலையையும்விட உறுதியான சான்று இருக்கிறது. மீதமிருந்த பூனைக்காலிப் பொடியை நான் கொட்டவில்லை. போத்தலில் அடைத்து, பெயரும் அளவும் எழுதி ஒட்டி, வகுப்புக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

வல்லாரைச் சம்பல் நிற்கவில்லை. அது எங்கள் சாப்பாடு. மருந்தென்று நினைத்துச் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் அப்பா இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது காக்குமா பிள்ளை?" "தெரியாது அப்பா. கெடுக்காது" என்றேன். தலையசைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

எந்த நேரம் மருந்து வேலை செய்கிறது, எந்த நேரம் விடுகிறது என்று குறித்துவைக்கும்படி கிளினிக்கில் சொன்னார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். அப்பா விடவில்லை, நாற்பது வருடம் கணக்கெழுதிய கை. வெற்றுத் தாளில் எழுதினால் எழுத்துச் சுருங்குகிறது. அகலமாகக் கோடு போட்டு, இரண்டு கோடுகளையும் தொடும்படி எழுதச் சொன்னால் எழுத்து பெரிதாகவே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடிமட்டம் வைத்து அந்த வாரத்துக்கான கோடுகளைப் போட்டுக் கொடுக்கிறேன். நேற்றைய பக்கம் இப்படி இருக்கிறது:

காலை 6.10 குளிசை.
6.50 கை வந்தது.
7.15 புட்டு, சம்பல்.
9.30 கை போனது.
10.00 குளிசை.
10.45 கை வந்தது. தம்பிக்குக் கடிதம்.